குண்டுவிடம் சொன்னால் போதும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மைக்காரர் தொட்டியின் மூடியைத் திறந்தபோது குண்டு மல்லாக்க மிதந்துகொண்டிருந்தான்.

செத்துப்போகவில்லை. செவுள் அசைந்தது, வாய் திறந்து திறந்து மூடியது. ஆனால் வயிறு மேலே, முதுகு கீழே. ஒரு பக்கத் துடுப்பை மட்டும் அடித்து அடித்து நிமிரப் பார்த்தான். பாதி வரை புரள்வான், மறுபடி பொத்தென்று பழையபடி ஆகிவிடுவான். நல்ல ஆரஞ்சு நிறத்தில், ஒரு கண்ணுக்கு மேல் கறுப்புப் பொட்டோடு, பந்து மாதிரி இருக்கிற தங்க மீன். வயிறு இன்னும் ஒரு சுற்று பெருத்திருந்தது. மைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"டேய் குண்டு, என்னடா இது?" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மைக்காரர் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் செய்தவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எத்தனை நிமிடம் தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கணீரென்ற குரல். வாசலில் பழம் விற்கிறவர்கள் வரை கேட்கும். அந்தக் குரலை நம்பி ஓடிப்போய் வண்டி பிடித்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். அந்த லட்சம் பேரில் ஒருத்தரையாவது முகம் பார்த்துப் பேசியிருப்பாரா என்றால் மாட்டார். அவர் உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

வீட்டிலும் அதே கதைதான். அவருக்கு எப்போதும் நடுவில் ஒரு மைக் தேவைப்பட்டது. மனைவி இருந்தவரை, மகனிடம் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்வார். "அவன நேரத்துக்கு வீடு வந்து சேரச் சொல்லு" என்பார். மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டு தலை துவட்டிக்கொண்டிருப்பான். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். இப்போது மருமகளிடம் சொல்ல வேண்டியதை மகனிடம் சொன்னார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுடா, மழை வருது, துணியெல்லாம் நனையுது." அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "மாமாகிட்ட சொல்லுங்க, எல்லாத்தயும் எடுத்தாச்சு" என்பாள். சண்டை ஒன்றும் இல்லை. கூச்சம். அவருக்கும் கூச்சம், அவளுக்கும் கூச்சம். மகன் நடுவில் தபால்காரன் வேலை பார்த்தான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தபால்காரன் போய்விட்டான். செத்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள், குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருக்கிறான். வேலை பார்த்த இடத்தில் வேறொருத்தியோடு பழக்கமாகி, ஒருநாள் இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு அவளோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். மீன் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கட்டின பெண்டாட்டியையும் பெற்ற அப்பனையும் விட்டுவிட்டுப் போகிறவனுக்கு மீன் ஒரு கேடா?

ஆக, அந்த மூன்றாவது மாடி வீட்டில் மிஞ்சியது ஒரு மாமனார், ஒரு மருமகள், ஒரு குண்டு மீன்.

மருமகள் ஏன் அங்கேயே இருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கப் பிடிக்கவில்லை. அவள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை இங்கிருந்து பத்து நிமிட நடை. கடையின் பின்னறையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் இழைத்துப் பொருத்துகிற வேலை. சாயங்காலம் வரும்போது விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். இந்த வீட்டில் அவளை இரு என்று சொல்லவும் ஆளில்லை, போ என்று சொல்லவும் ஆளில்லை. அண்ணன் வாரா வாரம் போன் பண்ணி, "எதுக்கு அங்க கெடந்து கஷ்டப்படுற, கெளம்பி வந்துரு" என்பான். "பாக்கலாம்ணா" என்று வைத்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் சுவருக்கு இந்தப் பக்கம் மைக்காரர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்கு அவமானம். தன் பிள்ளை செய்த காரியத்துக்கு அந்தப் பெண்ணை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிடப் பெரிதாக ஒரு பயம். அவள் ஒருநாள் போய்விட்டால்? சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவில் சாவி திரும்புகிற அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? இருந்துவிடு என்று கேட்கலாம். கேட்க என்ன உரிமை இருக்கிறது? அந்தக் கேள்வியில் ஒவ்வொரு நாளும் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்.

மகன் போன பிறகு முதல் மூன்று வாரம் வீட்டில் பேச்சே இல்லை. யாரிடம் சொல்லி அனுப்புவது? பிறகு ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பியவள் தொட்டிக்கு முன்னால் நின்று, "குண்டு, கேஸ் சிலிண்டர் பதினோரு மணிக்கு வருமாம். யாராவது கதவத் தொறந்தாத் தேவல" என்றாள். நாளிதழுக்குப் பின்னால் இருந்த மைக்காரருக்குக் காது குளிர்ந்துபோனது. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது அவர் தொட்டியைப் பார்த்து, "குண்டு, சிலிண்டர் வந்தாச்சு. பழச எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஊரில் ஜாடை பேசுவதெல்லாம் சண்டைக்குத்தான். இவர்கள் குடித்தனம் நடத்தவே ஜாடை பேசினார்கள். "குண்டு, ரத்த அழுத்த மாத்திர தீந்துபோனதப் பாத்தேன், வாங்கி வச்சிருக்கேன்." "குண்டு, வெளியில வெயில் கொளுத்துது, குடை எடுத்துட்டுப் போறது நல்லது." அவன் இரண்டு பக்கத்தையும் பார்த்து வாயைத் திறந்து மூடுவான். எந்தச் செய்தியையும் அவன் மறந்ததில்லை, மாற்றிச் சொன்னதில்லை.

அந்தக் குண்டுதான் இப்போது மல்லாந்து கிடக்கிறான். இவனும் போய்விட்டால் இந்த வீட்டில் யார் யாரிடம் என்னத்தைச் சொல்வது? அப்புறம் அவள் இங்கே இருக்கத்தான் என்ன காரணம்? மைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

தெருமுனையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவரிடம், "மீன் கடை எங்கங்க இருக்கு?" என்று கேட்டார்.

"நேராப் போயி இடது பக்கம் மார்க்கெட். இப்ப போனா நல்லதா எதுவும் இருக்காதே. என்ன மீன் வேணும்?"

"வேணும்னு இல்ல. வீட்ல இருக்கற மீனுக்கு உடம்பு சரியில்ல."

அவர் பம்பை நிறுத்திவிட்டு மைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகுதான் புரிந்து, வண்ண மீன் விற்கிற கடைக்கு வழி சொன்னார்.

வண்ண மீன் கடைக்காரம்மா முழங்கை வரை ஈரமாக ஒரு தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே தேய்த்தாள்.

"மல்லாந்து மேல மெதக்குதா, அடியில கெடக்குதா?"

"மேலதான்."

"செதிலெல்லாம் தூக்கிட்டு நிக்குதா?"

"இல்ல. படிஞ்சுதான் இருக்கு. வயிறுதான் உப்பியிருக்கு."

"அப்ப பொழைக்கலாம். தின்னு வந்த வெனை. உள்ள காத்துப் பை ஒண்ணு இருக்கு, வயிறு உப்பிப்போயி அத அமுக்குது. எத்தன வேளை போடுறீங்க?"

"ஒரு வேளதான். கரெக்டா பத்து மணிக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "ஒரு வேள தானா?"

மைக்காரர் மென்று முழுங்கினார். "மத்தியானம் ஒரு சிட்டிகை. சும்மா."

"அப்புறம்?"

"நாலு மணிக்கு... அது நம்ம மூஞ்சியவே வந்து பாக்கும். பாவமா இருக்கும்."

"அது எப்பவும் அப்படித்தான் பாக்கும். அதுக்கு வேற மூஞ்சி கெடையாது."

என்ன செய்வார்? வீட்டில் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஏழு வரை அவருக்குக் குண்டுதான். பேசத் தோன்றும்போதெல்லாம் ஒரு சிட்டிகை போடுவார். போட்டால் மேலே வருவான். மேலே வந்தால் நாலு வார்த்தை பேசலாம். சும்மா போய் நின்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், காரியக்காரன்.

"வேற யாரு போடுறா?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

"வேற யாரும் இல்ல."

"எந்த வீடு உங்களுது?"

"பூங்காவுக்கு எதிர்ல, மூணாவது மாடி."

"ஆரஞ்சு மீனு, கண்ணு மேல பொட்டு? அட, கண்ணாடிக் கடையில வேல பாக்குற பொண்ணு வீடா? போன வாரந்தானே வந்து தீனி டின்னு வாங்கிட்டுப் போச்சு!"

"டின்னா? டின் நான்தானே வாங்கி வச்சிருக்கேன்."

"அது தனியா வச்சிருக்குது போல. வீட்ல பெரியவரு மறந்துருவாரு, பாவம், மீனு பசியோட கெடக்கும், அதான் காலையில ஒரு தடவ, வந்து ஒரு தடவ போட்டுர்றேன்னு சொல்லுச்சு."

"மறக்குறதா? நானா?" மைக்காரருக்குச் சுருக்கென்றது. இருநூற்றுப் பதினாறு வண்டிகளின் நேரத்தைத் தலைகீழாகச் சொன்னவரைப் பார்த்து மறதிக்காரர் என்பதா! ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியிலேயே வேறு ஒன்றும் இருந்தது. அவள் தன்னைப் பற்றி ஒரு வெளி ஆளிடம் பேசியிருக்கிறாள். 'பாவம்' என்று சொல்லியிருக்கிறாள்.

"ஆகமொத்தம் அஞ்சு வேள," என்று கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேந்து ஊட்டியே கொன்னுருவீங்க போலயே. இன்னிக்கி, நாளைக்கி, நாளன்னிக்கி, மூணு நாளு ஒரு பொட்டு கூடப் போடக் கூடாது. தண்ணியப் பாதியாக் கொறைங்க. வெள்ளிக்கெழம பச்சைப் பட்டாணி ஒண்ணு வேகவச்சி, தோலை உரிச்சி, நசுக்கி, துளியூண்டு குடுங்க. முக்கியமா அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறந்து சொல்லிருங்க. நீங்க பட்டினி போட்டு அது ஊட்டிவிட்டா ஒரு பிரயோசனமும் இல்ல. இல்லாட்டி வேற ஒண்ணு புடிச்சித் தரவா?"

"வேண்டாம்மா. வேற மீனுக்கு எங்க வீட்டுப் பேச்சு பழகாது," என்றார் மைக்காரர். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாயைத் திறந்து சொல்ல வேண்டுமாம். எப்படிச் சொல்வது? வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். 'இரை போடாதே' என்றால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. 'போடாதீங்க' என்றால் வேற்று ஆளிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது. அவள் வந்து நாலு வருடமாகிறது, அவளை நீ என்பதா நீங்கள் என்பதா என்று முடிவு செய்கிற சந்தர்ப்பமே அவருக்கு வாய்க்கவில்லை. வழக்கம்போலக் குண்டுவிடம் சொல்லலாம் என்றால், கவலைக்கிடமாகக் கிடக்கிறவனையே செய்தி கொண்டுபோகச் சொல்வதா? அதுவும் அவனுக்கே பட்டினி என்கிற செய்தியை?

கடைசியில் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார்.

'அறிவிப்பு. மறு அறிவிப்பு வரும் வரை இத்தொட்டியில் எவரும் இரை இடக் கூடாது.'

தொட்டியின் மேல் ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. மனுஷனுக்குத் திருப்தி வேறு! ஊரே கூடி நிற்கிற இடத்தில் ஒட்ட வேண்டியதைக் கொண்டுவந்து கூடத்தில் ஒட்டிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஏழு மணிக்குச் சாவி திரும்பியது. மருமகள் உள்ளே வந்தாள். முதலில் தாள்தான் கண்ணில் பட்டது. படித்தாள். அப்புறம்தான் மல்லாந்து கிடந்த குண்டுவைப் பார்த்தாள். "ஐயோ" என்று உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மறுபடி தாளைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை தோளில் பையோடு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றாள். மைக்காரர் நாளிதழை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"குண்டு, எவரும்னா யாருன்னு உனக்குத் தெரியுமா? இந்த வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. எழுதினவரு ஒருத்தரு. மிச்சம் யாரு?" குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "தொடக் கூடாததுன்னு தெரியாமத் தொட்டுட்டேன். இனிமே தொடல."

கதவு மூடிக்கொண்டது.

மைக்காரர் திகைத்துப்போனார். எவரும் என்ற அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் பத்தாயிரம் தடவை சொல்லியிருப்பார். எவரும் மேடையில் உறங்கக் கூடாது, எவரும் ஓடும் வண்டியில் ஏறக் கூடாது. ஒருத்தருக்கும் சுட்டதில்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது ஒருத்தியைத் தேடிப் போய் நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போதே படியிறங்கி ஓடி, "உன்னச் சொல்லலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பேனாவை எடுத்துக்கொண்டு போய், தாளின் அடியில் இன்னொரு வரி சேர்த்தார். 'மேற்கண்ட அறிவிப்பு பொதுவானது. எவரையும் குறிப்பிடுவதன்று.'

சாயங்காலம் அதையும் அவள் படித்தாள். சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. பத்து நிமிடம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போன் பேச்சு கேட்டது.

"சரிண்ணா. ஞாயித்துக்கெழம வா... ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன்... பெரிசா ஒண்ணும் இல்லண்ணா, ரெண்டு பெட்டிதான்."

மைக்காரர் இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு பெட்டி. இந்த வீட்டிலிருந்து ஆட்கள் இரண்டு பெட்டியோடுதான் போவார்கள் போலிருக்கிறது. அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமே என்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. அவள் போன பிறகு அந்த அமைதி இன்னும் பெரிதாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மைக்காரர் தண்ணீரைப் பாதியாகக் குறைத்திருந்தார். வெளியே தெரிகிற குண்டுவின் வயிறு காய்ந்துவிடாமல், குவளையால் மொண்டு மொண்டு மெதுவாக ஊற்றினார். பன்னிரண்டு மணிக்குக் கை தானாக டின்னிடம் போனது. நாலு மணிக்கு மறுபடி போனது. டின்னை அலமாரிக்கு மேலே, ஸ்டூல் போட்டால்தான் எட்டும் என்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இரை போடாமல் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. "என்னடா" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பட்டாணியை வேகவைத்தார். ஒரு பட்டாணிக்கு ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, பத்து நிமிடம். தோலுரித்து, விரல் நுனியில் நசுக்கி, துளி எடுத்து அவன் வாய்க்கு நேரே பிடித்தார். குண்டு வாங்கினான், துப்பினான், மறுபடி வாங்கினான். இன்னொரு துளி. ஒரு மணி நேரம் கழித்து வயிற்றிலிருந்து நூல் மாதிரி நீளமாகக் கழிவு இறங்கியது. அதற்கப்புறம் ஒரு ஆட்டம் ஆடினான், சாய்ந்தான், நிமிர்ந்தான். நிமிர்ந்தே நின்றான்.

"நிமிந்துட்டான்!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார் மைக்காரர். அந்த முப்பத்தோரு வருடக் குரல். "நிமிந்துட்டான்! நிமிந்துட்டான்!"

எதிர் வீட்டுக் கதவு திறந்து, "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லி உள்ளே வந்தார். இத்தனை பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து சாயங்காலம் ஏழு வரை தனியாக உட்கார்ந்திருப்பது எத்தனை கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஏழு மணிக்கு வந்த மருமகள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். "நிமிந்துட்டியா குண்டு? ரொம்ப நல்லது. நல்லா இரு" என்றாள். ஊருக்குப் போகிறவர்கள் சொல்கிற 'நல்லா இரு'. மைக்காரர் நாக்கு நுனி வரை வந்ததைச் சொல்வதற்குள் அவள் அறைக்குள் போய்விட்டாள். பெட்டியின் ஜிப் இழுக்கிற சத்தம் வந்தது.

சனிக்கிழமை காலை மைக்காரர் எழுந்து வந்தபோது குண்டு அடியில் கூழாங்கல் மேல் சாய்ந்து கிடந்தான். செவுள் அசையவில்லை. விரலால் கண்ணாடியைத் தட்டினார். வலையின் காம்பால் லேசாகத் தொட்டார். தள்ளிய பக்கத்துக்கு அப்படியே நகர்ந்தான். அஞ்சு வேளை தின்ற உடம்பு, மூன்று நாள் பட்டினியும் ஒரு பட்டாணியும் எத்தனை தூரம் தாங்கும்? கடைசியாக ஒரு நாள் எல்லாருக்கும் நிமிர்ந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

மருமகள் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். கையில் வலையோடு நின்ற மாமனாரைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையிலிருந்து வலையை வாங்கி, அவனைப் பூப்போல எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். தன் கைக்குட்டையால் மூடினாள். கிண்ணத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தொட்டியில் காற்றுக் குழாய் மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

மைக்காரர் தொட்டியைப் பார்த்து நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கிப் போயே ஆகணும்னு ஒண்ணும் இல்ல," என்றார். "இருந்தாலும் இருக்கலாம்."

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டு நகர்ந்தது.

"யாருகிட்ட சொல்றீங்க மாமா?" என்றாள் மருமகள். "உள்ள யாரும் இல்ல. இங்க பாத்துச் சொல்லுங்க."

மைக்காரர் திரும்பினார். எதிரே அவள் முகம் இருந்தது. நாலு வருடத்தில் அவர் ஒழுங்காகப் பார்க்காத முகம். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. இத்தனை இளைத்துவிட்டாளா? எப்போது இளைத்தாள்?

"எவரும்னு எழுதினது..." குரல் உடைந்து கீச்சென்று வந்தது. லட்சம் பேரை வண்டி ஏற்றிவிட்ட குரலா இது? "உன்னச் சொல்லலம்மா. எனக்குத்தான் எழுதிக்கிட்டேன். நாந்தான் மூணு வேள போட்டேன். பேச ஆளில்லாமப் போட்டேன்."

அவள் உதட்டைக் கடித்தாள். "நான் ரெண்டு வேள போட்டேன்."

"தெரியும். கடைக்காரம்மா சொன்னா."

"நீங்க மறந்துருவீங்கன்னு நெனச்சேன் மாமா."

"எனக்கு எதுவுமே மறக்கலம்மா. அவன் பண்ணதும் மறக்கல. அதுக்கு உன்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்காம ஒன்றர வருஷம் ஓட்டிட்டேன். எங்க வாயத் தொறந்தா, 'சரி மாமா, நான் கெளம்புறேன்'னு சொல்லிருவியோன்னு பயம். உன்ன இருன்னு சொல்ல எனக்கு எந்த உரிமையும் கெடையாது. உரிமையில சொல்லல. இரும்மா. நீ போயிட்டா இந்த வீட்ல..." துண்டு கையில் இல்லாததால் உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது அவள் அங்கே இல்லை. அறைக்குள் போய்விட்டிருந்தாள். முடிந்தது, சொல்லியும் பிரயோசனம் இல்லை என்று நினைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அறைக் கதவு இந்தத் தடவை சாத்தப்படவில்லை. போன் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வராமல் நேராகவே வந்தது.

"அண்ணா, நாளைக்கு வண்டி எடுத்துட்டு வராத... இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல... முடிவா ஒண்ணும் சொல்லலண்ணா, இப்போதைக்கு வேணாம்னுதான் சொல்றேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "எங்க மாமாவுக்கு இப்பத்தான் பேச்சு வந்திருக்கு. என்ன சொல்றாருன்னு கொஞ்ச நாளு கேட்டுட்டு வரேன்."